தேம்பாவணியில் ‘ஐயம்’: மத்தேயு நற்செய்திப் பகுதி ஒன்றின் மறுவாசிப்பு

முன்னுரை

கொள்ளிடத்தின் வடகரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில் அமைந்துள்ள ஏலாக்குறிச்சி, வீரமாமுனிவரின் பணித்தளங்களுள் குறிப்பிடத்தக்கது. 1680இல் இத்தாலியில் பிறந்த அவர், இவ்வூரைத் திருக்காவலூர் எனப் பெயரிட்டு அதன்மீது கலம்பகமும் பாடினார். 2007இல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் மீண்டும் தனி மாவட்டமாகப் பிரிந்த பின்னரும், இரு மாவட்ட மக்களும் வந்து வழிபடும் தலமாக அடைக்கல அன்னை ஆலயம் விளங்குகிறது. இம்மக்கள் செவியில் ஆண்டுதோறும் விழும் விவிலியப் பகுதிகளுள் ஒன்று, மார்ச் 19ஆம் நாள் சூசையப்பர் திருவிழாவில் வாசிக்கப்படும் மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரப் பகுதி. அப்பகுதியைத் தேம்பாவணி எவ்வாறு வாசித்தது என்பதையும், அவ்வாசிப்பைத் தமிழ் மரபின் துணைகொண்டு மீண்டும் எவ்வாறு அணுகலாம் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

நற்செய்தியின் மௌனம்

நான்கு நற்செய்திகளிலும் சூசை பேசியதாக ஒரு சொல்லும் இல்லை. மரியாள் கருவுற்றிருந்தமை, சூசை நீதிமானாக இருந்தமை, அவளை இகழ்ச்சிக்கு உள்ளாக்க விரும்பாமல் மறைவாக விலக்கிவிட எண்ணியமை, கனவில் வானதூதர் தோன்றியமை ஆகியவற்றை மத்தேயு சில வரிகளில் கூறி முடிக்கிறார். இம்மௌனத்திலிருந்து 1726இல் முனிவர் எழுப்பிய காப்பியம் 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. ‘கூட்டுதல், பெருக்குதல்’ என்னும் பொருளுடைய எபிரேய வேரிலிருந்து தோன்றிய பெயரை அவர் ‘வளன்’ எனத் தமிழாக்கினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1715இல், தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு அச்சில் நிறைவுற்றிருந்தது. அங்கு நற்செய்தி சொல்லுக்குச் சொல் பெயர்க்கப்பட்டது. தேம்பாவணியிலோ அது சொல்லாமல் விட்ட இடங்கள் விரித்துரைக்கப்பட்டன.

ஐயமா, அச்சமா?

மத்தேயுவின் சில வரிகள் காப்பியத்தில் ‘ஐயம் தோற்று படலம்’, ‘ஐயம் நீங்கு படலம்’ என இரு படலங்களாக விரிகின்றன. ஆனால், மத்தேயு சூசையின் மனநிலைக்கு ஐயம் என்னும் பெயரைச் சூட்டவில்லை. மரியாளை ஏற்றுக்கொள்ள அஞ்ச வேண்டாம் என்றே தூதர் கூறுகிறார். அவர் நீக்குவது அச்சத்தை. இவ்விடத்தில் திருச்சபை உரைமரபு இரு வழியாகப் பிரிகிறது. சூசை மனைவியின் ஒழுக்கத்தை ஐயுற்றார் என்பது அகுஸ்தீன் முதலியோரின் கருத்து. தம் தகுதிக்கு மீறிய தெய்வச் செயலின்முன் அஞ்சி விலக எண்ணினார் என்பது 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பெர்னார்டின் கருத்து. படலப் பெயர்களை மட்டும் நோக்கினால் முனிவர் முதல் தரப்பைச் சார்ந்தவராகவே தோன்றுவார்.

களவியலின் ஐயம்

எனினும் தமிழில் ‘ஐயம்’ என்னும் சொல்லுக்குப் பிறிதொரு வரலாறு உண்டு. தொல்காப்பியக் களவியலில், தலைவியை முதன்முதலாகக் கண்ட தலைவன் இவள் தெய்வமகளோ மானிட மகளோ என மயங்குவதே ஐயம். திருக்குறளின் காமத்துப்பாலும் இம்மயக்கத்திலேயே தொடங்குகிறது. இவ்வையத்தில் இழிப்பு இல்லை, வியப்பே உண்டு. ஐந்திலக்கணமும் கூறும் தொன்னூல் விளக்கத்தை இயற்றிய முனிவர் இம்மரபை அறியாதவர் அல்லர். அவர் இப்பொருளைக் கருதியே பெயரிட்டார் என நிறுவ இயலாது. ஆயினும் இம்மரபில் பயின்ற வாசகர் அச்சொல்லில் இருபொருளையும் கேட்க இடமுண்டு.

ஒப்புமை முழுமையானதன்று. களவியலின் ஐயம் முதற்காட்சியில் பிறப்பது. வளனின் ஐயமோ மணவாழ்வின் நடுவே பிறக்கிறது. அங்கே தலைவன் தானே குறிகளைக் கண்டு தெளிகிறான். இங்கே தெளிவு தூதர் சொல்லால் வருகிறது. தெளிவின் திசையும் மாறுபடுகிறது. தெய்வமோ என ஐயுறப்பட்டவள் மானிட மகளே எனத் தெளிவது களவியல். மானிட மகளாகவே அறியப்பட்டவளின் வயிற்றில் தெய்வம் தங்கியிருப்பதைத் தெளிவது இக்காப்பியம். வளனின் உள்ளப் போராட்டத்திற்குத் தேம்பாவணி தரும் இடம் பெரிது என்பதால், ஐயுறவின் துயரை முற்றிலும் நீக்கிப் படிப்பதும் பொருந்தாது.

முடிவுரை

ஐயத்தை ஒழுக்க ஐயமாக மட்டும் கொள்ளும் வாசிப்பில், மரியாள் தன் தூய்மையை மெய்ப்பிக்க வேண்டியவளாக நிற்கிறாள். நிச்சயிக்கப்பட்ட பெண் பிறனோடு கூடினால் கல்லெறிந்து கொல்ல இணைச்சட்டம் விதித்திருந்தது. அச்சட்டம் அறிந்த ஒருவர், உண்மை இன்னும் வெளிப்படாத நிலையிலேயே, அவளை ஊரார்முன் நிறுத்த மறுக்கிறார். தூதர் வருவதற்கு முன்னரே அவர் நீதிமான் எனப்படுகிறார் என்பது பழகிய செவிக்கு எளிதில் எட்டுவதில்லை. தேம்பாவணி தன் காலத்தில் மத்தேயுவைப் புதிதாக வாசித்த நூல். அவ்வாசிப்பும் இன்று பழகிப்போன நிலையில், படலப் பெயரில் உள்ள ‘ஐயம்’ என்னும் சொல்லைத் தமிழ் மரபில் வைத்து மீண்டும் நோக்குவது, காப்பியத்தோடு நற்செய்தியையும் மறுபடி கேட்க வழிசெய்கிறது.