செய்முறை இருக்கு, காரணம் எங்கே? எல்.பி.எஸ்.சி. எழுத்தை முன்வைத்து

முழங்கால் உயரம்கூட வராத ஒரு ரயில் எஞ்சின். உள்ளே நிஜ நெருப்பு, நிஜ நீராவி. பின்னால் சின்னத் தள்ளுவண்டியில் ஒரு பெரிய ஆள் உட்கார்ந்து, டீஸ்பூன் அளவு கரண்டியால் கரி போட்டுக்கொண்டே போவார். இங்கிலாந்தில் நூறு வருஷத்துக்கும் மேலாக நடக்கிற பொழுதுபோக்கு இது. ‘மாடல் எஞ்சினியர்’ என்ற பத்திரிகை 1898-லேயே ஆரம்பித்தது. பொம்மை என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் மனுஷர்கள் முகம் சுருங்கிப்போகும்.

இந்த உலகத்தில் எல்லோரும் கும்பிடுகிற எழுத்தாளர் ஒருவர் உண்டு: எல்.பி.எஸ்.சி. லில்லியன் ‘கர்லி’ லாரன்ஸ் என்ற பெயரில் வாழ்ந்தவர். தான் வேலை பார்த்த லண்டன், பிரைட்டன் அண்ட் சவுத் கோஸ்ட் ரயில்வேயின் முதலெழுத்துகளையே புனைபெயராக வைத்துக்கொண்டார். 1920களில் எழுத ஆரம்பித்து 1967-ல் இறந்தார். படமும் செய்முறையும் சேர்த்துத் தொடராகக் கொடுப்பது அவர் பாணி. அவர் எழுதியதைப் பார்த்துச் செய்த எஞ்சின்கள் இன்றும் ஓடுகின்றன. அவரைப் புகழ்ந்து நிறைய எழுதியாகிவிட்டது. அவர் எழுத்தில் எது நின்றது, எது நிற்கவில்லை என்று பார்ப்பதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் அவருக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிடுவோம்.

அவர் வருவதற்கு முன் சின்ன எஞ்சின்களில் பெரும்பாலும் ஸ்பிரிட் விளக்குதான். திரியில் எரியும் ஸ்பிரிட், மேலே நீர்க்குழாய் வைத்த ஸ்மித்தீஸ் வகை பாய்லர். பார்க்க அழகாக ஓடும், ஆனால் இழுக்கிற தெம்பு குறைவு. 2½ அங்குல தண்டவாளத்தில் கரி போட்டு ஆளையே இழுக்கலாம் என்று எல்.பி.எஸ்.சி. சொன்னபோது பெரிய சண்டை வந்தது. எதிர்ப்பக்கம் பாசெட்-லோக் மாதிரி பெயர்பெற்ற நிறுவனம். 1924-ல் நேருக்கு நேர் ஓட்டிப் பார்த்தார்கள். ‘பாய்லர் யுத்தம்’ என்றே அதற்குப் பெயர். அவருடைய ‘அயேஷா’ ஆளை இழுத்துக் காட்டியது. விவாதம் அத்தோடு ஓய்ந்தது.

அவர் சொன்னதன் சாரம் ஒன்றுதான்: எஞ்சினைச் சுருக்கலாம், இயற்கையைச் சுருக்க முடியாது. கணக்கு போட்டால் புரியும். 3½ அங்குல தண்டவாளத்தில் எஞ்சின் நிஜத்தில் பதினாறில் ஒரு பங்கு. நீளம் 16 மடங்கு குறைந்தால் பரப்பு 256 மடங்கும் கொள்ளளவு 4096 மடங்கும் குறையும். அப்படீன்னா ஒவ்வொரு சொட்டுத் தண்ணீருக்கும் சூடு தப்பிப்போகிற பரப்பு 16 மடங்கு அதிகம். பெரிய எஞ்சினில் 2 அங்குலமாக இருக்கும் புகைக்குழாயை அப்படியே சுருக்கினால் கால் அங்குலத்தில் பாதிதான் வரும். சாம்பல் அடைத்துக்கொள்ளும், காற்றே போகாது. அதனால் மாடலில் குழாய்களின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொன்றையும் அளவுக்கு மீறிப் பெரிதாக வைக்க வேண்டும். இதைத் தைரியமாகச் செய்தவர் அவர். ஆணியை எண்ணிக்கொண்டு அளவு சரியா என்று பார்க்கிறவர்களை ‘இன்ஸ்பெக்டர் மெட்டிகுலஸ்’ என்று கிண்டலும் செய்தார்.

அப்புறம் அந்த நடை. பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். விலை உயர்ந்த கருவி இல்லாத தொழிலாளிக்கும் ‘உன்னால முடியும்பா’ என்ற நம்பிக்கையை அந்த எழுத்து கொடுத்தது. இது சாதாரணச் சாதனை இல்லை.

ஆனால் இங்கேதான் என் புகாரும் ஆரம்பிக்கிறது. ‘இந்த அளவில் துளை போடு, இந்த இடத்தில் ஊது’ என்று சொல்லும் எழுத்து, அந்த அளவு எங்கிருந்து வந்தது என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. ரயிலடியில் கற்றதை ரசித்துச் சொல்வார். கணக்கென்று வந்தால் நகர்ந்துவிடுவார். 1924-ல் கணக்குப் பேசியவர்களை ஜெயித்த மனிதருக்குக் கணக்கின்மேல் ஏளனம் வந்தது இயல்புதான். அந்த ஏளனத்துக்கு விலை கொடுப்பது வாசகர்.

மூன்று உதாரணம் சொல்கிறேன்.

ஒன்று, ‘டிச்’. புதிதாக வருகிறவர்களுக்கென்று அவர் கொடுத்த 3½ அங்குல நான்கு சக்கர எஞ்சின். சின்னது, செலவு கம்மி, அதனால் ஆரம்பத்துக்கு நல்லது என்பது வாதம். ஆனால் சின்ன அடுப்பில் நெருப்பின் மொத்தக் கனமே ஒரு கைப்பிடிதான். புதுக் கரி ஒரு கரண்டி கூடப் போட்டால் அடுப்பே குளிர்ந்துவிடும். கொஞ்சம் தாமதித்தால் அணைந்துவிடும். தேர்ந்த கைக்கே சவாலான எஞ்சினை முதல் எஞ்சினாகக் கொடுத்திருக்கிறார். இயற்கையைச் சுருக்க முடியாது என்று ஊருக்குச் சொன்னவரே, சுருங்கச் சுருங்க ஓட்டுவது கஷ்டம் என்ற தன் விதியை இங்கே பின்னுக்குத் தள்ளிவிட்டார். பெரிய பாய்லர் வைத்த மாற்று வடிவமும் அதே திட்டத்தில் உண்டு. புதியவர் எதை எடுக்கவேண்டும் என்பதற்கான காரணம்தான் முதல் வரியில் வந்திருக்க வேண்டும்.

இரண்டு, பற்றவைப்பு. நம்மூர்ப் பொற்கொல்லர் பொடி வைத்து ஊதுகிறாரே, செம்பு பாய்லரையும் கிட்டத்தட்ட அப்படித்தான் இணைக்கிறார்கள். பாய்லரின் தட்டைச் சுவர்களைப் பிடித்துநிற்கும் கம்பிகளின் தலையில் மட்டும் கசிவு அடைக்க ஈயப்பற்று வைக்கச் சொல்வார் எல்.பி.எஸ்.சி. வலு தருவது கம்பியின் மரை, பற்று வெறும் அடைப்பு. இது தெரிந்தால் ஆபத்து எங்கே என்பதும் தெரியும். 80 பவுண்டு அழுத்தத்தில் தண்ணீர் சுமார் 162 டிகிரி செல்சியஸ். சாதாரண ஈயப்பற்று 183-லேயே உருக ஆரம்பிக்கும். இடைவெளி இருபது டிகிரிதான். தண்ணீர் மட்டம் இறங்கினால் அந்த இடைவெளியும் போச்சு. வெள்ளிப்பற்றிலும் காலம் மாறிவிட்டது. அவர் காலத்தில் புழங்கிய காட்மியம் கலந்த வகை 610 டிகிரியை ஒட்டி உருகும். அதன் புகை விஷம் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2011-ல் தடை போட்டது. இன்றைய 55 சதவீத வெள்ளிப்பற்றுக்கு 630 முதல் 660 வரை சூடு வேண்டும். பழைய செய்முறையை வரிக்கு வரி பின்பற்றுகிறவர் இங்கே திகைத்து நிற்பார்.

மூன்று, கரி. அவருடைய அடுப்புகள் நல்ல வேல்ஸ் நீராவிக் கரி கிடைத்த காலத்து அடுப்புகள்: புகை கம்மி, சூடு அதிகம். இன்று இங்கிலாந்தில் வீட்டு உபயோகத்துக்குப் புகைக்கரி விற்பது 2023 மே மாதத்தோடு நின்றுவிட்டது. வேல்ஸில் மெர்தர் டிட்ஃபிலுக்கு அருகிலிருந்த ஃபோஸ்-இ-ஃப்ரான் திறந்தவெளிச் சுரங்கமும் அதே வருஷம் நவம்பரில் மூடப்பட்டது. பலர் ஆந்த்ரசைட்டுக்குப் போகிறார்கள். அது லேசில் பற்றாது, காற்றிழுப்பு பலமாக வேண்டும். எஞ்சினில் அந்த இழுப்பைத் தருவது புகைபோக்கிக்குள் பீறிடும் கழிவு நீராவி. எவ்வளவு கஷ்டப்பட்டு இழுக்கிறதோ அவ்வளவு நெருப்பு கொழுந்துவிடும். நிற்கும்போது இழுப்பு இல்லை, அதனால்தான் ஆரம்பத்தில் மண்ணெண்ணெயில் ஊறிய அடுப்புக்கரியும், புகைபோக்கிமேல் சின்ன மின்விசிறியும். இந்தச் சங்கிலி புரிந்தவர் கரி மாறினால் ஊதுகுழலின் வாயை மாற்றிப் பார்ப்பார். வெறும் அளவை மனப்பாடம் செய்தவர் எஞ்சினைக் குறை சொல்வார்.

‘கைப்பக்குவத்தை எழுத்தில் இறக்கியதே பெரிசு, காரணமும் கேட்டா எப்படி?’ என்று அவர் ரசிகர்கள் கேட்கலாம். நியாயம்தான். காரணங்களை அடுக்கியிருந்தால் பாதிப் பேர் இரண்டாவது பக்கத்திலேயே ஓடியிருப்பார்கள். ஆனால் பக்குவம் என்பது மாவு பதத்தை விரலால் தெரிந்துகொள்வது. அரிசி மாறினால் தண்ணீரை மாற்றத் தெரிவது. அளவு மட்டும் கொடுத்தால் அந்த அரிசி கிடைக்கும் வரைதான் பிழைக்கும்.

ஆகவே அவரைப் படிக்கலாமா? கட்டாயம் படிங்க. தைரியத்துக்கு அவரைப் படிங்க; காரணத்துக்கு, அவருக்குப் பின் வந்த மார்ட்டின் எவன்ஸின் புத்தகங்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்க. பாய்லர் முடிந்ததும் வேலை அழுத்தத்தைப்போல் இரண்டு மடங்கு நீரழுத்தச் சோதனை செய்யாமல் மட்டும் நெருப்பு மூட்டாதீங்க. அந்த விதிக்குக் காரணம் தெரிந்திருந்தாலும் சரி, தெரியாவிட்டாலும் சரி.