வால்வின் நாதம்

நார்த்தாமலை முத்துமாரியம்மன் பங்குனித் திருவிழாவில், சிறு பிராயத்தில், பந்தலோரம் ஒலிபெருக்கிக்காரரின் வால்வு ஆம்பிளிபயர் அருகே அமர்ந்து, கண்ணாடிக் குமிழ்களுக்குள் இழைகள் செவ்வொளி கொள்வதையும், சூடேறிய தூசியின் மணம் எழுவதையும், சற்று நேர மௌனத்திற்குப் பின்னரே கூம்பிலிருந்து நாதஸ்வரம் பிறப்பதையும் வியந்து நோக்கியிருக்கிறேன். அந்த நாதத்தின் இனிமைக்குக் காரணம் யாதெனில், தன் சக்தியின் எல்லை நெருங்குகையில் வால்வானது ஒலியலையின் முகட்டைச் சட்டென வெட்டிவிடாது, மெல்ல வளைத்து அடக்குகிறது. அவ்வாறு வளைகையில் மூல ஸ்வரத்தோடு அதன் மேல்ஸ்தாயி ஸ்வரமும் இழைந்து செவியை நிறைக்கிறது.

மின்சாரக் கிதாருக்கோ இக்குணமே ஜீவன். 1962இல் லண்டனில் ஜிம் மார்ஷலின் இசைக்கருவிக் கடையார், அமெரிக்க பெண்டர் பாஸ்மேன் ஆம்பிளிபயரின் சர்க்யூட்டை ஏறக்குறைய அப்படியே பின்பற்றித் தாமும் ஒன்றைச் சமைத்தபோது, முதல் வால்வைப் பெருக்கம் மிகுந்த ஈ.சி.சி. 83 ஆக்கி, முதுகு திறந்த பெட்டியின் பத்தங்குல ஸ்பீக்கர்கள் நான்கிற்குப் பதிலாக மூடிய பெட்டியில் பன்னிரண்டங்குல ஸ்பீக்கர்கள் நான்கை அமைத்தனர். தொனி வேறு பிறவியே எடுத்துவிட்டது. வால்வுகளுக்கிடையே நிற்கும் சிறு கப்பாசிட்டரின் அளவைக் குறைத்தாலும் மந்தர ஸ்தாயி மெலிந்துவிடும். ஆயினும் என் அபிப்பிராயத்தில், வால்வுகளின் சக்தியை ஸ்பீக்கருக்குக் கடத்தியும் எவரும் ஏறிட்டுப் பாராத அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் இரும்பே அதிக மரியாதைக்குரியது.

பெங்களூர் பி.ஈ.எல். தொழிற்சாலையின் முத்திரை பதித்த பழைய வால்வு எங்கேனும் கண்ணில் பட்டால், இன்றும் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்காமல் என்னால் நகர முடிவதில்லை.