ராஜா ராணிக்குப் புதுக்கோலம்

நவராத்திரி சமயத்தில் பெங்களூரின் மல்லேஸ்வரத்திலோ பசவனகுடியிலோ கொலு வைத்த பழைய வீடுகளுக்குள் போனால், கண் முதலில் தேடுவது பட்டத கொம்பெயைத்தான். பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் கல்யாணத்தில் தரும் மரத்தாலான ராஜா ராணி சோடி அது; நம் மரப்பாச்சியேதான். ஆண்டுதோறும் அதற்குப் புது உடை உண்டு.

பொம்மையின் கைகள் உடம்போடு ஒட்டியிருப்பதால் ரவிக்கையை மாட்ட முடியாது. துணியைச் சுற்றி உடம்பிலேயே தைக்க வேண்டும். கொசுவத்தை முன்பே நூலோட்டி மடித்துக்கொண்டால்தான் விறைத்து நிற்காமல் விழும். அகலச் சரிகை ராணியை விழுங்கிவிடும். பழைய பட்டுப்புடவையின் ஒல்லிக் கரைதான் அழகு.

கொண்டை மரத்திலேயே செதுக்கி வருவதால் தலைக்கு வேலை குறைவு. 1959-இல் வந்த பார்பி போன்ற பொம்மைகளைப் புதுப்பிப்பவர்களுக்கோ தலைதான் எல்லாமே. வினைல் தலையை வெந்நீரில் இளக்கிக் கழற்றி, பழைய முடியை அகற்றி, அதே துளைகளில் நைலான் முடியைக் கற்றை கற்றையாக ஊசியால் நடுவார்கள். வகிட்டில் மட்டும் துளைகள் நெருங்கியிருக்கும். அந்த ஒரு வரிசையிலேயே கைத்திறன் தெரிந்துவிடும். முகத்தைச் சிலிக்கோன் அச்செடுத்து ரெசினில் வார்ப்பதும் உண்டு. ஆனால் இறுகிய ரெசினில் ஊசி இறங்காது, விக்தான் ஒட்ட வேண்டும். எனக்கு முடி நட்ட பழைய தலையே பிடிக்கும். வாரினால் வேரிலிருந்து அசைகிறதே, அந்த அசைவு விக்கில் வராது.