யாருக்காக நிற்கிறது கேமரா? கவனிக்காமல் விட்ட மூன்று போர்ப் படங்கள்

போர்ப் படம் என்றால் என்ன ஞாபகத்துக்கு வருகிறது என்று மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். துப்பாக்கி, ஹெலிகாப்டர், காயம்பட்ட நண்பனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடும் நாயகன் என்று அடுக்குவார்கள். படம் முடிந்ததும் "கடைசியில யாரு சார் ஜெயிச்சா?" என்று ஒரு கேள்வி வரும். அத்தோடு சரி.

அந்தக் கேள்வியை மறக்கடிக்கிற மூன்று பழைய படங்கள் இருக்கின்றன. மூன்றும் கறுப்பு வெள்ளை. மூன்றும் 1956க்கும் 1959க்கும் இடையில் வந்தவை. ஒன்று சோவியத் படம், ஒன்று ஜெர்மன் படம், ஒன்று ஜப்பானியப் படம். உலக அளவில் விமர்சகர்கள் கொண்டாடியவைதான் என்றாலும், நம் ஆசிரியர் வட்டத்தில் இவற்றைப் பற்றிய பேச்சு அதிகம் இல்லை. இவற்றைப் பார்க்கும்போது "யார் ஜெயித்தார்கள்" என்பதற்குப் பதிலாக வேறு ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளலாம்: இந்தப் படம் யாருடைய சாவுக்காக நின்று அழுகிறது? யாரைத் தாண்டிப் போகிறது?

முதலில் சோவியத் படம், 'பேலட் ஆஃப் எ சோல்ஜர்' (1959). இயக்குநர் கிரிகோரி சுக்ராய். அவரே அந்தப் போரில் சண்டையிட்டுக் காயம்பட்டவர். 19 வயது அல்யோஷா பயத்தில் சுட்டு இரண்டு டாங்கிகளை வீழ்த்திவிடுகிறான். ஜெனரல் பதக்கம் தருகிறேன் என்கிறார். அவனோ, பதக்கம் வேண்டாம், அம்மாவைப் பார்த்துவிட்டு வீட்டுக் கூரையைச் சரிசெய்து கொடுத்துவிட்டு வருகிறேன் என்கிறான். போக இரண்டு நாள், வர இரண்டு நாள், கூரை வேலைக்கு இரண்டு நாள் என்று ஆறு நாள் விடுப்பு கிடைக்கிறது. சண்டைக் காட்சி தொடக்கத்தோடு முடிந்தது. மீதிப் படம் முழுக்க ரயில் பயணம்தான்.

வழியில் யார் யாருக்கோ உதவி செய்து அவன் நாட்களை இழக்கிறான். ஒற்றைக் காலோடு வீடு திரும்பத் தயங்கும் வீரனுக்குத் துணை நிற்கிறான். முன்பின் தெரியாத ஒருவர், மனைவியிடம் கொடுக்கச் சொல்லிச் சவர்க்காரம் கொடுத்தனுப்புகிறார். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய பொருள் என்பது படத்திலேயே புரிந்துவிடும். போய்ப் பார்த்தால் மனைவி வேறொருவரோடு வாழ்கிறாள். அல்யோஷா சவர்க்காரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய் அந்த வீரனின் தந்தையிடம் கொடுக்கிறான். யாரும் வசனம் பேசித் தீர்ப்புச் சொல்வதில்லை.

குறை இல்லாமல் இல்லை. அல்யோஷா கொஞ்சம் அளவுக்கு மீறிய நல்ல பிள்ளை. ஆனால் அவன் திரும்பி வரப்போவதில்லை என்பதைப் படம் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறது. ஆகவே அவன் இழக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நமக்கு உறுத்துகிறது. கடைசியில் அம்மாவோடு சில நிமிடம்தான். கூரை அப்படியேதான் இருக்கிறது. வென்ற நாடு எடுத்த படத்தில் வெற்றியைப் பற்றிப் பேச்சே இல்லை. ஒரே ஒரு பையனுக்காகப் படம் முழுக்க நிற்கிறது.

இரண்டாவது, பெர்னார்ட் விக்கியின் 'டி ப்ரூக்கே' (1959). தமிழில் 'பாலம்' என்று சொல்லலாம். ஆசிரியர்கள் அவசியம் பார்க்க வேண்டிய படம் இது. 1945 ஏப்ரல் மாதம். ஜெர்மனி தோற்றுவிட்டது என்பது எல்லாருக்கும் தெரியும். ஒரு சின்ன ஊரில் 16 வயதுப் பள்ளி மாணவர்கள் ஏழு பேருக்கு இராணுவ அழைப்பு வருகிறது. பையன்களுக்கு ஒரே குஷி. அவர்களுடைய ஆசிரியர் முகாமுக்கே போய், இவர்களை விட்டுவிடுங்கள் என்று மன்றாடுகிறார். ஓர் அதிகாரி, பாதுகாப்பான இடம் என்று நினைத்து அவர்களை ஊர்ப் பாலத்தில் காவலுக்கு நிறுத்துகிறார். அந்தப் பாலத்தை ஜெர்மன் படையே தகர்க்கப் போகிறது. பொறுப்பாக இருந்த வீரர், ஓடிப்போகிறவர் என்று தவறாக நினைக்கப்பட்டுச் சுடப்படுகிறார். உண்மையைச் சொல்ல ஆள் இல்லை. பையன்கள் பாலத்தைக் காக்கத் தொடங்குகிறார்கள்.

முன்பாதி மெதுவாகத்தான் போகும். ஒவ்வொரு பையனின் வீட்டையும் காட்டுகிறார் இயக்குநர். பொறுமையாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்பாதியில் விழப்போவது அந்த வீட்டுப் பிள்ளைகள். விமானம் வந்தபோது தரையில் படுத்தான் என்று ஒருவனைக் கோழை எனக் கேலி செய்கிறார்கள். அடுத்த முறை அவன் படுக்கவில்லை, நின்றே சாகிறான். நான்கு பேர் சிரித்த சிரிப்பு ஓர் உயிரை எடுத்துவிட்டது. வகுப்பறையில் கேலிப்பேச்சைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்த இடம் சுருக்கென்று குத்தும்.

இன்னொரு காட்சி. சின்னப் பையன்களோடு சண்டை போட விருப்பம் இல்லாமல் ஓர் அமெரிக்க வீரர் அவர்களைப் போகச் சொல்கிறார். பையன் சுட்டுவிடுகிறான். அந்த எதிரி வலியில் துடித்துச் சாவதையும் கேமரா நின்று காட்டுகிறது. இங்கேதான் இந்தப் படம் உயர்ந்து நிற்கிறது என்பேன். தன் நாட்டுப் பிள்ளைகளுக்காக மட்டும் அது அழவில்லை. இறுதியில் ஒருவனே மிஞ்சுகிறான். போர் அறிக்கைகளில் இடம்பெறும் அளவுக்குக்கூட இச்சம்பவம் முக்கியமாகக் கருதப்படவில்லை என்ற வாசகத்தோடு படம் முடிகிறது.

மூன்றாவது, கோன் இச்சிகாவாவின் 'தி பர்மீஸ் ஹார்ப்' (1956). 'பர்மிய யாழ்' என்று வைத்துக்கொள்வோம். மிச்சியோ தாக்கேயாமா சிறுவர்களுக்காக எழுதிய நாவல்தான் மூலம். பர்மாவில் சரணடைந்த ஜப்பானியப் படைப்பிரிவு ஒன்று முடோன் என்ற ஊரில் முகாமில் இருக்கிறது. அந்தப் பிரிவில் யாழ் வாசிக்கும் வீரன் மிசுஷிமா. மலையில் இன்னும் சண்டையிடும் ஜப்பானியரைச் சரணடையச் சொல்ல அவனை அனுப்புகிறார்கள். அவர்கள் மறுக்கிறார்கள், குண்டுவீச்சில் மடிகிறார்கள். உயிர் தப்பிய மிசுஷிமா, ஒரு புத்த பிக்குவின் உடையைத் திருடி மாட்டிக்கொண்டு முடோனை நோக்கி நடக்கிறான். வழியெல்லாம் புதைக்க ஆளில்லாத பிணங்கள். பெயர் தெரியாத ஜப்பானிய வீரனுக்கு ஆங்கிலேயத் தாதிகள் பாட்டுப் பாடி இறுதிச் சடங்கு செய்வதைப் பார்க்கிறான். அதன்பின் அவனால் ஊர் திரும்ப முடியவில்லை. பொய்யாகப் போட்ட காவியுடை உண்மையாகிவிடுகிறது.

படம் அழகானது. ஆனால் நம் கேள்வியை இங்கே கொஞ்சம் கண்டிப்பாகவே கேட்க வேண்டும். மிசுஷிமா அடக்கம் செய்வது தன் நாட்டு வீரர்களை. பர்மியர்கள் பெரும்பாலும் பின்னணியில் நிற்கிறார்கள். அடிக்கடி வரும் வியாபாரப் பாட்டியாகக்கூட ஒரு ஜப்பானிய நடிகைதான் நடித்திருக்கிறார். அந்த மண்ணில் ஜப்பானிய இராணுவம் என்ன செய்தது என்ற பேச்சே எழவில்லை.

வரைபடத்தை எடுத்து முடோனைத் தேடுங்கள். மௌல்மெய்னுக்குத் தெற்கே இருக்கிறது. இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் தன்பியுசாயட். சயாமிலிருந்து வந்த மரண ரயில்பாதை முடியும் இடம் அது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 415 கிலோமீட்டர் போடப்பட்ட அந்தப் பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர்கள் வேலை செய்தார்கள். காலராவிலும் பசியிலும் அடியிலும் எத்தனையோ பேர் அங்கேயே போய்ச் சேர்ந்தார்கள். இறந்தவர்களைத் தேடி நடக்கும் ஒருவனின் கதை, அவ்வளவு பக்கத்தில் இருந்த இவர்களைப் பார்க்கவே இல்லை.

ஜப்பானியப் படத்தை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. நம்மில் பலர் பார்த்திருக்கும் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' (1957) அதே ரயில்பாதையைப் பற்றியது. ஏழு ஆஸ்கார் வாங்கியது. இலங்கையில் படமாக்கப்பட்டது. அங்கும் கதை இரண்டு அதிகாரிகளின் மானப் பிரச்சினைதான். போர்க்கைதிகளைவிடப் பல மடங்கு அதிகமாக அங்கே உழைத்த ஆசியத் தொழிலாளர்களுக்கு அந்தக் கதையில் இடம் இல்லை. அதை மட்டும் பார்த்த மாணவன், "அங்க வெள்ளைக்காரங்கதான் வேலை செஞ்சாங்க" என்று நம்பினால் அவனைக் குறை சொல்ல முடியாது.

அதற்காக இவற்றை ஒதுக்க வேண்டாம். விடுபட்டதைக் கண்டுபிடிக்கும் பழக்கம் வர, இப்படிப்பட்ட நல்ல படங்களே நல்ல களம். 'பேலட் ஆஃப் எ சோல்ஜர்' ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். கீழ்ப் படிவ மாணவர்களுக்கும் ஏற்றது. 'டி ப்ரூக்கே'யைப் படிவம் நான்குக்கு முன் காட்ட வேண்டாம். அந்தச் சாவுகள் உண்மையிலேயே கடினமானவை. நீங்கள் முதலில் தனியாகப் பார்த்துவிடுங்கள். 'தி பர்மீஸ் ஹார்ப்' ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஓடும். அதை இரண்டு பகுதியாகப் பிரித்துக் காட்டலாம். கூடவே ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலிலிருந்து ஓர் அத்தியாயத்தை வாசிக்கச் செய்யுங்கள். படம் விட்ட இடத்தை நம் எழுத்தாளர் எழுதி வைத்திருக்கிறார் என்பது மாணவர்களுக்குத் தானாகவே தெரியவரும்.

பார்த்து முடித்ததும் பயிற்றித்தாள் எதுவும் தேவையில்லை. ஒரு தாளை இரண்டாக மடித்து, ஒரு பக்கம் இந்தப் படம் யாருக்காக அழுதது என்றும், மறுபக்கம் அங்கே இருந்தும் படத்துக்குள் வராதவர்கள் யார் என்றும் எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது பக்கத்துக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுங்கள். சிலர் வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேட்டுவிட்டுத்தான் அதை நிரப்ப முடியும்.