மெல்ல ஏறட்டும் ஜீப்பு: பின் ஆக்ஸிலில் எல்.எஸ்.டி.

ஃபோர்-வீல் லீவரைப் போட்டால் நாலு சக்கரமும் இழுக்கும் என்று நம்பித்தான் மலைப்பக்கத்தில் ஜீப்பு வாங்குகிறார்கள். அதில் பாதிதான் உண்மை. சாதாரண டிஃபரன்ஷியல், தன் இரு பக்கச் சக்கரங்களுக்கும் எப்போதும் சமமான முறுக்குவிசையையே கொடுக்கும். எந்தச் சக்கரத்துக்குப் பிடிப்பு குறைவோ, அது தாங்கும் அளவுதான் மற்றதற்கும் கிடைக்கும். ஒரு பக்கம் சேற்றில் சுழன்றால், பாறைமேல் உறுதியாக நிற்கும் மறுபக்கமும் அதே சொற்ப விசையோடு நின்றுவிடும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் கல் தடமானாலும், நெல்லியாம்பதியின் மாம்பாறைத் தடமானாலும், முன்பக்கம் இடது சக்கரமும் பின்பக்கம் வலது சக்கரமும் ஒரே நேரத்தில் தரையை விட்டுக் கிளம்பும் இடங்கள் உண்டு. பட்டை ஸ்பிரிங் போட்ட பழைய மஹிந்திரா ஜீப்புகளில் சக்கரம் கீழிறங்கும் அளவு குறைவு என்பதால் அந்த நிலை சீக்கிரமே வந்துவிடும். அங்கே ஃபோர்-வீல் என்பது பெயரளவில்தான். இந்தக் குறைக்கு மருந்தாகப் பின் ஆக்ஸிலில் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், சுருக்கமாக எல்.எஸ்.டி., போடுவது செலவுக்குத் தகுந்ததா என்பதே கேள்வி. வேலைக்கு ஓடும் மலை ஜீப்புக்குத் தகும். ஆனால் விற்பவர்கள் சொல்லும் காரணம் ஒன்று, உண்மையான காரணம் வேறு.

கணக்கைப் பார்த்துவிடலாம். ஆளும் சரக்குமாக 2 டன் எடையுள்ள ஜீப்பு, ஐந்துக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் பின்னுக்கு நழுவாமல் நிற்கவே சக்கரங்களில் மொத்தம் சுமார் 1,400 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வேண்டும். முன் ஆக்ஸிலில் ஒரு சக்கரமும் பின் ஆக்ஸிலில் ஒரு சக்கரமும் வழுக்கு மண்ணில் இருந்து, ஒவ்வொன்றும் 300 மட்டுமே தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண டிஃபரன்ஷியல் என்றால் ஆக்ஸிலுக்கு 600 வீதம் 1,200, வண்டி நின்றுவிடும். பின்பக்கம் கிளட்ச் தட்டு வகை எல்.எஸ்.டி. இருந்தால் கதை மாறும். அதில் சைடு கியருக்குப் பின்னால் அடுக்கிய தட்டுகளை ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கக் கியர்களின் தள்ளுவிசையும் சேர்ந்து அழுத்தும். இந்த உராய்வால், பிடிப்புள்ள சக்கரத்துக்கு மற்றதைவிட இரண்டரை மடங்குவரை விசை போகும் என்று கொண்டால், பின்பக்கம் 300-உம் 750-உம் சேர்ந்து 1,050 ஆகிறது. முன்பக்கத்து 600-ஐக் கூட்டினால் 1,650. எஞ்சினையோ டயரையோ தொடாமலே, நின்ற வண்டி நகர்கிறது.

அதே கணக்கு இதன் எல்லையையும் காட்டிவிடும். சக்கரம் முழுக்க அந்தரத்தில் தொங்கினால் அது தாங்கும் விசை பூஜ்யம். பூஜ்யத்தின் இரண்டரை மடங்கும் பூஜ்யம்தான். அப்போது ஸ்பிரிங்கின் ஆரம்ப அழுத்தம் மட்டுமே மிச்சம். தட்டே இல்லாமல் புழு கியர்களால் இயங்கும் டார்சன் வகையில் பெரும்பாலும் அதுவும் இருக்காது. ஹேண்ட் பிரேக்கை லேசாக இழுத்துப் பிடித்தால் சரியாகிவிடும் என்று பட்டறைகளில் சொல்வார்கள். சாதாரண டிஃபரன்ஷியலில் இதனால் எந்தப் பலனும் இல்லை. அந்தரத்துச் சக்கரத்தில் பிரேக் 200 பிடித்தால் மறுபக்கத்துக்கும் 200 வரும். அங்கேயும் அதே பிரேக் 200-ஐத் தின்றுவிடும். எல்.எஸ்.டி. இருந்தால் மறுபக்கத்துக்கு 500 வந்து, பிரேக் போக 300 மிஞ்சும். சமதரைக் குழியிலிருந்து வெளியே வர அது கைகொடுக்கும். செங்குத்தான ஏற்றத்தில் போதாது. வில்லிஸ் வழி வந்த பழைய ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் இருக்கும். டிஃபரன்ஷியலுக்கு முன்னாலேயே பிடிக்கும் அந்த பிரேக்கை வைத்து இந்த வித்தை எதையும் செய்ய முடியாது.

இத்தனை காலமாக எல்.எஸ்.டி. இல்லாமலே கொழுக்குமலைக்கு ஆள் ஏற்றிப் போகவில்லையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்தத் தடத்து டிரைவர்களின் கைத்திறனில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் திறன் என்ன செய்கிறது என்று கவனிக்க வேண்டும். 1,200-க்கும் 1,400-க்கும் உள்ள இடைவெளியை அவர்கள் வேகத்தால் நிரப்புகிறார்கள்: கீழேயே ஓட்டம் எடுத்து, வழுக்கும் இடத்தை அந்த வேகத்திலேயே தாண்டிவிடுகிறார்கள். அந்த வேகத்துக்கு விலை உண்டு. சேற்றில் சுழன்ற சக்கரம் சட்டென்று காய்ந்த பாறையைக் கவ்வும்போது அந்த அதிர்ச்சி முழுவதையும் ஆக்ஸில் ஷாஃப்ட்டும் யுனிவர்சல் ஜாயிண்ட்டும் வாங்குகின்றன. தடத்தில் குழி ஆழமாகிறது. அடுத்த வண்டிக்கு இன்னும் அதிக வேகம் தேவைப்படுகிறது. பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களின் தலை மேல்கம்பியில் இடிக்கிறது. எல்.எஸ்.டி. ஏறமுடியாத இடத்தில் ஏற்றும் கருவி என்று விற்கிறார்கள். நடைமுறையில் அதன் பெரும்பயன், ஏறுகிற இடத்தையே லோ கியரில், நடக்கிற வேகத்தில் ஏற முடிவதுதான். 2025 ஜூலையில் இடுக்கி மாவட்ட நிர்வாகம் பாதுகாப்பைக் காரணம் காட்டி ஜீப் சவாரிகளுக்குத் தற்காலிகத் தடை போட்ட பிறகு, மெதுவாக ஏறுவதன் மதிப்பைத் தொழிலில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் முழு லாக்கே போட்டுவிடலாமே என்பது அடுத்த கேள்வி. கேரளத்தின் சித்தூர் தாலுகாவில் உள்ள பெருமாட்டியில் டிராக்டர் ஓட்டும் எவருக்கும் லாக் புதிதல்ல. உழவில் ஒரு சக்கரம் சுழன்றால் குதிகாலருகே இருக்கும் பெடலை மிதிக்கிறார்கள். வரப்போரம் திரும்புமுன் காலை எடுத்துவிடுகிறார்கள். வேண்டும்போது போட்டு வேண்டாதபோது எடுக்கும் லாக் மிகச் சிறந்தது என்பதில் மறுப்பில்லை. ஃபோர்ஸ் கூர்க்காவில் முன்னும் பின்னும் அப்படித் தனித்தனி லாக் கம்பெனியிலிருந்தே வருகிறது. பழைய ஜீப்பில் அதைக் கொண்டுவர ஏர் கம்ப்ரசர், குழாய், சுவிட்ச் என்று வேலை பெருகும். தானாகப் பூட்டிக்கொள்ளும் லாக்கர் எளிதுதான். ஆனால் நீளம் குறைந்த ஜீப்பில், மழை நனைத்த ஹேர்பின் வளைவில், அது பூட்டும் தருணத்திலும் விடும் தருணத்திலும் ஸ்டியரிங் கையை இழுக்கும். காலையில் தடத்திலும் மாலையில் மூணாறு தார்ச்சாலையிலும் ஓடும் வண்டிக்கு, படிப்படியாகப் பிடிக்கும் எல்.எஸ்.டி.தான் ஒத்துவரும்.

புது வண்டிக்காரர்களுக்கு இந்தச் செலவு பெரும்பாலும் தேவையில்லை. 2023-இல் வந்த ஜிம்னியில் சுழலும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடிக்கும் எலக்ட்ரானிக் ஏற்பாடு உள்ளது. ஒரே சக்கரத்தில் பிரேக் பிடிப்பதால், ஹேண்ட் பிரேக் வித்தை தோற்கும் இடத்தில் இது ஜெயிக்கிறது. 2020 தாரின் சில வகைகளில் பின் ஆக்ஸிலில் மெக்கானிக்கல் லாக்கே இருக்கிறது: இரு சக்கரங்களின் வேக வித்தியாசம் கூடும்போது தானாகப் பூட்டி, வண்டி வேகமெடுத்தால் விட்டுவிடும். பிரேக்கை நம்பும் ஏற்பாட்டில் சக்கரம் முதலில் சுழன்ற பிறகே உதவி வரும், நீண்ட ஏற்றத்தில் பிரேக்கும் சூடாகும். ஆனாலும் வாரண்டி உள்ள வண்டியின் ஆக்ஸிலைப் பிரிக்கும் அளவுக்கு அவை பெரிய குறைகள் அல்ல. எல்.எஸ்.டி.யின் இடம், இந்த ஏற்பாடுகள் எதுவும் இல்லாத மேஜர், கமாண்டர், பழைய தார், ஜிப்சி ஆகியவற்றில்தான்.

இனி, எளிதில் தள்ளிவிட முடியாத எதிர்வாதம் ஒன்று. பக்கவாட்டுச் சரிவில் சாதாரண டிஃபரன்ஷியல் இருந்தால் ஒரு சக்கரம்தான் சுழலும். மற்றது சும்மா உருண்டுகொண்டே வண்டியின் வாலைப் பிடித்து வைக்கும். எல்.எஸ்.டி. இருந்தால் இரண்டும் சேர்ந்து வழுக்கலாம். அப்போது வால் பள்ளத்தை நோக்கி இறங்கும். ஈரப்புல் சரிவில் இது நிஜமான ஆபத்து. அங்கே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும் பழக்கம் வராதவர் இதைப் போடாமலிருப்பதே நல்லது. மண்ணும் பார்க்க வேண்டும். கேரளத்தில் கரிசல் மண் இருப்பது பெருமாட்டி அடங்கிய சித்தூர் தாலுகாவில்தான். ஐப்பசி மழையில் அந்தக் கரிசல் டயர் பட்டன்களுக்கு நடுவே அப்பிக்கொண்டால் இரு சக்கரத்துக்கும் பிடிப்பு ஒரேயடியாகப் போகும். பகிர்ந்து கொடுக்க ஒரு பக்கமாவது பிடிப்பு இருந்தால்தானே எல்.எஸ்.டி. உதவும்? அங்கே மண் டயரும், காற்றைக் குறைத்து ஓட்டும் பழக்கமும்தான் முதல் செலவு. ஒரு சக்கரம் வரப்பின் கெட்டி மண்ணிலும் மறு சக்கரம் வயல் சேற்றிலும் போகும் இடத்தில் மட்டும் எல்.எஸ்.டி.யின் பலன் தெரியும்.

பொருத்தும் வேலையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எல்.எஸ்.டி. என்பது ஆக்ஸில் மாடலுக்கென்றே வரும் பொருள். ஷாஃப்ட்டின் ஸ்ப்ளைன் எண்ணிக்கையும் பேரிங் அளவும் பொருந்த வேண்டும். டானா 44 வகை ஆக்ஸிலில் கிரவுன்-பினியன் விகிதம் 3.73 வரை ஒரு கேஸும், 3.92-க்கு மேல் வேறு கேஸும் என்று இரண்டு உண்டு. மாற்றி வாங்கினால் கிரவுன் உட்காராது. உட்கார்ந்த பிறகு ஷிம் வைத்து பேக்லாஷ் சரிசெய்ய வேண்டும். அந்த ஆக்ஸிலில் அது ஏறக்குறைய 0.13 முதல் 0.23 மில்லிமீட்டர். டயல் கேஜ் இல்லாமல் கைக்கணக்கில் ஆட்டிப் பார்த்து மூடும் பட்டறை, கிரவுன் வீல் ஊளையிடுவதற்கு நாள் குறித்துக் கொடுக்கிறது. கியர்ப் பற்களில் சாயம் பூசி, பதியும் தடத்தைப் பார்த்த பிறகே மூட வேண்டும். தட்டு வகைக்கு ஜி.எல்.-5 ஆயிலோடு ஃப்ரிக்ஷன் மாடிஃபையரும் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் இறுக்கித் திருப்பும்போது பின்பக்கம் கடகடக்கும். தட்டு தேயும் பொருள் என்பதையும் கணக்கில் வையுங்கள். போட்ட பிறகு ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்கிக் கியரில் ஓடவிடக் கூடாது. தரையில் உள்ள சக்கரமும் இழுக்கும், வண்டி ஜாக்கியிலிருந்து குதிக்கும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி ஆர்.சி.யில் பதிவான தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. எஞ்சின் எண், இருக்கை எண்ணிக்கை போன்ற ஆர்.சி. விவரங்கள் எதையும் ஆக்ஸிலுக்குள் இருக்கும் கியர் தொடுவதில்லை. அதோடு சேர்த்துப் போடும் பெரிய டயரும் உயர்த்திய ஸ்பிரிங்கும்தான் சோதனையில் மாட்டிக்கொள்ளும். எனவே வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் கம்பெனி அளவிலேயே நல்ல டயர், பிறகு பிரேக்கும் சஸ்பென்ஷனும், அதன் பிறகு பின் ஆக்ஸிலில் மட்டும் தட்டு வகை எல்.எஸ்.டி. முன் ஆக்ஸிலில் போட்டால் ஸ்டியரிங் கனக்கும், அங்கே வேண்டாம். இடுக்கி எல்லையில் ஆள் ஏற்றிப் பிழைக்கும் பழைய ஜீப்புக்கு இது நல்ல முதலீடு. சித்தூர் வயல்வெளியில் மட்டும் ஓடும் வண்டிக்கு அந்தப் பணம் டயருக்கே போகட்டும்.