கோணிய கோல்: கொடுமை என்னும் சொல்லின் நயம்

கொடுமை என்னும் சொல்லின் அடியில் கிடப்பது வளைவு. ‘கொடு’ என்பதற்கு வளைந்தது, கோணியது என்பது பழம்பொருள் ஆகையால் வில் கொடுமரம் ஆயிற்று. வளைந்த வரிகளையுடைய புலி கொடுவரி ஆயிற்று. மரம் கழிக்கும் வளைந்த அரிவாள் இன்றும் கொடுவாள் எனப்படுகிறது. பிறனுக்கு இழைக்கும் தீங்கையும் இதே அடியால் குறித்த மொழியில், கொடியவன் என்பவன் முதற்கண் நேர்மை திரிந்தவன்.

இந்த நயம் முழுமையாக விளங்கும் இடம் காவிரிப் படுகை. அரசன் கையிலிருந்த கோலும் வயலை அளந்த கோலும் இங்கே ஒரே பெயர் பெற்றவை. பதினாறு சாண் கோல் போன்ற நில அளவுகோல்களைச் சோழர் கல்வெட்டுகள் குறிக்கின்றன. அவ்வாறான கோல்களின் நீளம் கோயிற் சுவர்களில் வெட்டி வைக்கப்பட்டதும் உண்டு. அளக்கும் கோல் கோணினால் அதன் எட்டம் சுருங்கும்; எட்டம் சுருங்கினால் அதே வயல் கூடுதல் கோலாகக் கணக்கேறும்; வரியும் உடன் ஏறும். திருக்குறள் செங்கோன்மையையும் கொடுங்கோன்மையையும் 55, 56ஆம் அதிகாரங்களாக அடுத்தடுத்து வைத்திருப்பதை நெல் விளைவித்தவனின் பக்கம் நின்று படித்தால், கொடுங்கோல் என்பது வெறும் அணியாகத் தோன்றாது.

வழக்கிலும் இச்சொல்லின் வீச்சு பெரிது. வடமொழிவழி வந்த குரூரம் மனத்தின் இயல்பையே சுட்ட, கொடுமையோ பசிக்கும் வெயிலுக்கும் கூடப் பொருந்தும். செய்தவனை விட்டுப் பட்டவனின் பக்கம் சாயும் இந்த இயல்பே இதன் பேரழகு. மழை பொய்த்த ஆண்டுகளில் சிற்றூர்களில் வைக்கோலால் ஓர் உருவம் கட்டி, கொடும்பாவி என்று பெயரிட்டு, தெருத்தெருவாக இழுத்துச் செல்வர். பெண்கள் அதன்பின் மாரடித்து ஒப்பாரி வைப்பர். முடிவில் அது சுடுகாட்டில் எரியூட்டப்படும். ஊரின் பாவமெல்லாம் திரண்ட அந்த உருவம் ஒழிந்தால் மழை இறங்கும் என்பது நம்பிக்கை. வானத்தை நோக்கிய அச்சடங்கின் சொல்லே, பிற்காலத்தில் அதிகாரத்தை நோக்கிய கொடும்பாவி எரிப்புப் போராட்டங்களுக்கும் பெயராயிற்று.

ஆயினும் இச்சொல்லுக்கும் தாங்க இயலாத சுமை இம்மண்ணிலேயே வந்தது. 1968 டிசம்பர் 25 அன்று, அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தின் கீழவெண்மணியில், கூலி உயர்வுப் போராட்டத்தின் தொடர்ச்சியாக, பெண்களும் குழந்தைகளும் உட்பட 44 தலித் மக்கள் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான இத்தகைய தாக்குதல்களைத் தடுக்க 1989இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் தமிழ்ப் பெயரில் கொடுமை என்பது தனித்து நிற்கவில்லை. வலிமையைக் குறிக்கும் ‘வன்’ முன்னொட்டாகச் சேர்ந்து வன்கொடுமை ஆயிற்று. சட்டத் தமிழின் ஆக்கங்களுள் இத்துணைப் பொருத்தமானவை அரிது. எளிய மக்கள் காவல் நிலையத்தில் புகார் எழுதித் தரும்போது, அகராதியின் துணையின்றியே அந்தச் சொல்லைச் சரியாகப் பயன்படுத்துகின்றனர்.