காய்ச்சல் என்று எழுதவும்

இந்தப் பக்கத்தில் நாவல் விமர்சனம் பண்ணியிருக்கிறேன். சினிமா விமர்சனம் பண்ணியிருக்கிறேன். ஒருமுறை கல்யாணப் பத்திரிகையைக்கூட விட்டுவைக்கவில்லை. இந்த வாரம் விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பது ஒரே பக்கம் கொண்ட ஒரு படைப்பு. ஆசிரியர் பெயர் போடவில்லை. விலை கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஆனால் ஒவ்வொரு செமஸ்டரிலும் தமிழ்நாடு பூரா போணியாகிறது.

வருகைக் குறைவை மன்னிக்கக் கோரும் விண்ணப்பம்தான் அது. ஆபீஸ் பாஷையில் கண்டொனேஷன். 'அதுல பாதி டொனேஷன்தானே சார்' என்பார்கள் பசங்கள்.

கல்லூரியை விட்டு வெளியே வந்து ரொம்ப வருஷமானவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும். 65-க்கும் 75-க்கும் நடுவில் மாட்டிக்கொண்டால், காரணம் சொல்லி, சான்றிதழ் வைத்து, கட்டணம் கட்டி மன்னிப்பு வாங்கலாம். அதற்கும் கீழே என்றால் தேர்வு கிடையாது. பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் எண்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். சாரம் ஒன்றுதான்.

இந்தப் படைப்பை நான் முழுசாகப் படித்தது ஆரணியில்.

போன வருஷம் ஐப்பசி மாதம், தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போயிருந்தேன். கடையில் எடுப்பதைவிட தறியிலேயே பார்த்து எடுக்கலாம் என்று ஒரு நண்பர் நெசவாளர் தெருவுக்கு அழைத்துப் போனார். ஒரு வாரமாக மழை. குழித்தறி பார்த்திருக்கிறீர்களா? நெய்கிறவர் காலை ஒரு குழிக்குள் விட்டுக்கொண்டு தரைமட்டத்தில் உட்கார்ந்திருப்பார். மிதிகட்டை குழிக்குள் இருக்கும். மழைக்காலத்தில் அந்தக் குழியில் தண்ணீர் ஊறும். ஈரத்தில் பட்டு நூல் ஒன்றோடொன்று ஒட்டும், அறும். வேலை பாதியாகிவிடும். தை மாத முகூர்த்தத்துக்கு ஆர்டர் கொடுத்தவர்களோ காத்திருக்க மாட்டார்கள்.

நான் போன வீட்டில் அப்பா நெய்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா வீசிக்கொண்டிருந்தது அவருடைய பெண். கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம் என்று கோர்வை போட்டு நெய்கிற புடவைக்கு இன்னொரு ஆள் வேண்டும். அந்த இன்னொரு ஆளாக இத்தனை நாள் இருந்தது அம்மா. மணிக்கட்டு வீங்கி அவரால் முடியவில்லை. அண்ணன் சென்னையில் பைக்கில் சாப்பாடு டெலிவரி பண்ணப் போய்விட்டான். அன்றைக்குப் புதன்கிழமை, காலை பதினோரு மணி. சுவர் ஆணியில் ஒரு காலேஜ் பை தொங்கிக்கொண்டிருந்தது.

"என்னம்மா படிக்கிறே?"

"பி.காம் செகண்ட் இயர் சார்."

நம்ம கட்சி! உற்சாகமாகிவிட்டேன். "காலேஜ் இல்லையா இன்னிக்கு?"

அப்பாவைப் பார்த்தாள். அவர் தறியைப் பார்த்தார். "அறுபத்தெட்டு பர்சென்ட்தான் சார் இருக்கு" என்றாள்.

அப்புறம் நடந்ததை அவளே சொன்னாள். விண்ணப்பம் வாங்கியிருக்கிறாள். 'காரணம்' என்று போட்டு விரல் நீளத்துக்கு ஒரு கோடு. அதில் உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறாள்: அம்மாவுக்குக் கை முடியாததால் தறியில் உட்கார வேண்டியிருந்தது. ஆபீஸில் இருந்தவர் நல்ல மனுஷன். திட்டவில்லை. வேறொரு படிவத்தை எடுத்து நீட்டி, "இது செல்லாது பாப்பா. டைபாய்டுன்னு எழுது. ஒரு மெடிக்கல் சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வந்துடு. நான் பார்த்துக்கறேன்" என்றாராம்.

சர்ட்டிபிகேட் கொடுத்த டாக்டர் நாடி பார்க்கவில்லை. நாக்கை நீட்டச் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எத்தனை நாளைக்கு வேணும்?"

உங்களில் எத்தனை பேர் இப்போது லேசாகச் சிரித்திருப்பீர்கள் என்று தெரியும். நானும் யோக்கியன் இல்லை. 2001 மார்ச்சில் எனக்கு இரண்டு வாரம் மஞ்சள் காமாலை. முதல் வாரம் கொல்கத்தா டெஸ்ட்டை டி.வி.யில் பார்த்தேன். இரண்டாவது வாரம் சேப்பாக்கத்தில் வெயிலில் உட்கார்ந்து ஹர்பஜன் 15 விக்கெட் எடுத்ததை நேரில் பார்த்தேன். கல்லூரி என்னை மன்னித்தது. சர்ட்டிபிகேட் கச்சிதமாக இருந்ததே!

இந்தப் படைப்பின் முதல் குறை இதுதான். கிரிக்கெட் பார்க்கப் போனவனும் தறியில் உட்கார்ந்தவளும் இதில் ஒரே மாதிரி தெரிகிறார்கள். இரண்டு பேரும் நோயாளிகள். கிரிக்கெட் பார்த்தவனுக்கு அந்தப் பொய் ஒரு ஜாலி. அவளுக்கு அப்படி இல்லை.

அண்ணா பல்கலைக்கழக விதிமுறை எந்தெந்தக் காரணங்களை ஏற்கிறது என்று பாருங்கள். நீண்ட நாள் ஆஸ்பத்திரியில் இருந்தது, விபத்து, குறிப்பிட்ட நோய், விளையாட்டுப் போட்டி. மற்ற இடங்களிலும் ஏறக்குறைய இதே பட்டியல்தான். கபடி ஆடினால் சலுகை உண்டு. எனக்கு அதில் சந்தோஷமே. ஆனால் அம்மாவின் கை வீங்கியது இந்தப் பட்டியலில் எங்கே வரும்? நோய் அம்மாவுக்கு. லீவு பெண்ணுக்கு. படிவத்தில் அதற்கு இடமில்லை.

காமர்ஸ் படித்தவனுக்கு இது புரியாத விஷயமில்லை. வவுச்சர் இல்லாத செலவு, செலவே இல்லை. ஆடிட்டிங்கில் முதல் பாடம் அது. கஷ்டத்துக்கும் வவுச்சர் கேட்கிறார்கள். காய்ச்சலுக்கு வவுச்சர் கொடுக்க டாக்டர் இருக்கிறார். வறுமைக்கு யார் கொடுப்பார்?

ஆனால் அதே ஆடிட்டிங் இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தது. எந்தக் கம்பெனியிலும் பெட்டி கேஷ் என்று ஒன்று உண்டு. ஆட்டோவுக்கு, டீக்கு யார் ரசீது தருகிறார்கள்? செலவு பண்ணியவரே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். மேலே ஒருவர் சரி பார்ப்பார். ஒரு வரம்புக்கு மேல் போனால் கேள்வி வரும். அதனால் எந்தக் கம்பெனியும் திவாலாகவில்லை.

பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்கள் இதைத்தான் செய்கின்றன. சின்ன, திடீர்க் கஷ்டங்களுக்கு மாணவர் தானே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் போதும். வருஷத்துக்கு இத்தனை தடவைதான் என்று வரம்பு. ஆஸ்திரேலியாவில் 'ஸ்பெஷல் கன்சிடரேஷன்' என்றே பெயர் வைத்து, அதற்கென்று தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். அங்கே கறாரும் உண்டு. சிட்னி பல்கலைக்கழகத்தில் மூன்று வேலை நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதே ஊரிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில், தேர்வு அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் 'நான் நன்றாக இருக்கிறேன்' என்று நீங்களே அறிவித்ததாக அர்த்தம். அப்புறம் வந்து தலைவலி என்று சொல்ல முடியாது. இரக்கத்துக்கும் அங்கே விதி இருக்கிறது. நம் ஊரில் இரக்கம் ஆபீஸில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது.

வெளிநாட்டுக் கதை வேண்டாம் என்கிறீர்களா? பக்கத்து மாநிலத்துக்கு வாருங்கள். 2023 ஜனவரியில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மாணவிகளுக்கு மாதவிடாய்க் காரணத்துக்காக 2 சதவீதம் கூடுதல் வருகைச் சலுகை கொடுத்தது. டாக்டர் சர்ட்டிபிகேட் வேண்டாம், விண்ணப்பம் போதும் என்றது. அதே மாதம் கேரள அரசு அதை மற்ற பல்கலைக்கழகங்களுக்கும் நீட்டித்தது. மாணவிகளுக்கு 73 சதவீதம் போதும் என்றானது. காகிதம் கேட்காமல் ஒரு பெண்ணின் வார்த்தையை நம்ப முடியும் என்று ஒரு பல்கலைக்கழகம் முடிவெடுத்தது. அதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

சரி, எல்லாரையும் நம்பி எல்லாருக்கும் கொடுத்துவிடலாமா? அதையும்தான் பார்த்துவிட்டோமே! 2020 ஆகஸ்ட் 26. கொரோனா. அரியர் வைத்திருந்தவர்கள் தேர்வுக் கட்டணம் கட்டியிருந்தால் போதும், பாஸ் என்று தமிழக அரசு அறிவித்தது. இறுதி செமஸ்டருக்கு மட்டும் விலக்கு இல்லை. முதல்வருக்குப் போஸ்டர் ஒட்டிக் கொண்டாடினார்கள். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு ஒப்புக்கொள்ளவில்லை. விஷயம் சென்னை உயர் நீதிமன்றம் போனது. 2021 ஏப்ரலில், தேர்வு வைக்காமல் தேர்ச்சி கொடுப்பதை ஏற்க முடியாது, தேர்வை நடத்துங்கள் என்றது நீதிமன்றம். நிஜமாகவே வீட்டில் சாவு விழுந்தவனும், புத்தகத்தைத் திறக்காதவனும் ஒரே போஸ்டருக்குக் கீழே நின்றதுதான் மிச்சம். எல்லாருக்கும் கொடுத்தால், உண்மையிலேயே கஷ்டப்பட்டவன் பாஸானதையும் ஊர் நம்புவதில்லை.

அந்தத் தெருவிலேயே இன்னொரு பையனைப் பார்த்தேன். வருகையெல்லாம் நிறையவே இருந்தது. தேர்வு நாள் விடிகாலை அவன் அப்பா இறந்துவிட்டார். தலைப்பிள்ளை. அவன்தான் கொள்ளி வைக்க வேண்டும். பத்து மணிக்குத் தேர்வு, பதினோரு மணிக்கு மயானம். இரண்டில் எதற்குப் போவான்? மார்க் ஷீட்டில் 'ஏஏஏ' என்று வந்தது. ஆப்சென்ட். அவனிடம் காகிதம் இருந்தது, இறப்புச் சான்றிதழே இருந்தது. அதை வாங்கிக்கொள்ளத்தான் ஜன்னல் இல்லை. வருகைக் குறைவுக்காவது ஒரு படிவம் இருக்கிறது. தவறிய தேர்வுக்கு அதுவும் இல்லை. அடுத்த தடவை எழுதிக்கொள், அவ்வளவுதான்.

எழுதிக்கொள்ளலாமே, என்ன குடி முழுகிப் போச்சு என்று கேட்கலாம். பல்கலைக்கழக ரேங்க் முதல் முயற்சியில் எல்லாவற்றிலும் தேறியவர்களுக்குத்தான். வேலைக்கு ஆள் எடுக்க வரும் சில கம்பெனிகள் 'அரியர் ஹிஸ்டரி இருக்கக் கூடாது' என்று வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். அப்பாவுக்குக் கொள்ளி வைத்தது ஹிஸ்டரியில் வராது. அரியர் மட்டும் வரும்.

எதிர்த்தரப்பையும் சொல்லிவிடுகிறேன். ஆரணிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்தும் ஒரு அம்மாவிடம் இதையெல்லாம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், தறி வேலைன்னு எழுதினா லீவு உண்டுன்னு சொல்லிப் பாருங்க. முதல்ல பொண்ணுங்களைத்தான் வீட்ல நிறுத்துவாங்க. எழுபத்தஞ்சு பர்சென்ட் இருந்தாதான் பரீட்சைன்னு ஒரு ரூல் இருக்கறதாலதான் அதுங்க காலேஜுக்கே வருதுங்க" என்றார்.

பேச்சு வரவில்லை எனக்கு. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு நிஜம். விதி ஒரு பெண்ணைத் தறியிலிருந்து எழுப்பி பஸ் ஏற்றிவிடுகிறது. அதைத் தூக்கிப் போடு என்று நான் சொல்ல மாட்டேன். 2025 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், 2016-ல் உயிரை மாய்த்துக்கொண்ட ஒரு சட்ட மாணவர் தொடர்பான வழக்கில், வருகை குறைவு என்பதற்காகச் சட்டக் கல்லூரி மாணவர்களைத் தேர்வெழுதவிடாமல் தடுக்கக் கூடாது என்றது. அந்த வேதனை புரிகிறது. ஆனால் ஆரணிப் பெண்ணுக்கு அந்த 75 ஒரு கேடயமாகவும் இருக்கிறது என்பதை இந்த அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

ஆனாலும் அந்த அம்மாவிடம் ஒன்று கேட்டேன். உங்கள் கல்லூரியில் எத்தனை பெண்கள் தறியால் வகுப்பை விட்டார்கள் என்று கணக்கு இருக்கிறதா? இல்லை. எப்படி இருக்கும்? கோப்பைத் திறந்தால் டைபாய்டு, மஞ்சள் காமாலை, மறுபடி டைபாய்டு. படிக்கிறவன் ஆரணிக்குத் தண்ணீர் லாரி அனுப்புவான்! உண்மை காகிதத்தில் ஏறினால்தானே, ஐப்பசியில் இந்தத் தெருப் பிள்ளைகளுக்கு என்ன ஆகிறது என்று யாராவது யோசிப்பார்கள்? செமஸ்டர் தேர்வு நவம்பரிலும் ஏப்ரலிலும் வருகிறது. ஒன்று மழைக்காலம், இன்னொன்று கல்யாண சீசனுக்குப் பக்கம். பட்டு ஊரின் காலண்டரும் பல்கலைக்கழகக் காலண்டரும் ஒரே நேரத்தில் கழுத்தைப் பிடிக்கின்றன. டைபாய்டு கோப்பு இதைச் சொல்லுமா?

எனவே இந்தப் படைப்பின் அடுத்த பதிப்புக்கு மூன்று திருத்தங்கள். ஒன்று, 'வீட்டுச் சூழல்' என்று ஒரு கட்டம். மாணவியே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வகுப்பாசிரியர் விசாரித்துப் பக்கத்தில் ஒரு கையெழுத்து. வேண்டுமானால் நெசவாளர் கூட்டுறவு சங்க முத்திரை. நெசவாளருக்கு அடையாள அட்டை கொடுத்திருப்பதும் அரசாங்கம்தானே. இரண்டு, மொத்தப் படிப்பிலும் இரண்டே தடவைதான். பெண்ணை நிரந்தரமாகத் தறியில் உட்கார வைக்க அது வழியாகிவிடக் கூடாது. இரண்டாவது தடவை எழுதும்போது கல்லூரி வீட்டுக்கு வந்து பேச வேண்டும். மூன்று, தேர்வு நாளன்று சாவு, வெள்ளம், விபத்து என்றால் சில வாரங்களில் மறுதேர்வு. அது முதல் முயற்சியாகவே கணக்கில் ஏற வேண்டும்.

இப்படிச் செய்தால் பொய் ஒழிந்துவிடுமா? ஒழியாது. சேப்பாக்கத்தில் டெஸ்ட் நடக்கும்வரை மஞ்சள் காமாலையும் இருக்கும். ஆனால் உண்மை சொல்ல நினைப்பவளுக்கு ஒரு கோடாவது இருக்கும்.

புடவையை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது அந்தப் பெண் வாசல்வரை வந்தாள். "பரீட்சை எழுத விட்டுட்டாங்கல்ல, அப்புறம் என்னம்மா?" என்றேன் சமாதானமாக.

"விட்டுட்டாங்க சார். ஆனா எங்க மேடம் கூப்பிட்டு, டைபாய்டுன்னு கேள்விப்பட்டேன், உடம்பு எப்படி இருக்கு, காரம் சேர்த்துக்காதே, கஞ்சியா குடின்னு சொன்னாங்க. என் தலையைத் தொட்டுப் பார்த்தாங்க சார்."

கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அன்னிக்குத்தான் சார் அழுதேன்."